பேசாத கணினி முன் இரண்டு மணி நேரம்

அனுப்புநர்:
வீ. மணிமொழி (வயது 29, பார்வையற்றவர்),
த/பெ வீரமுத்து,
கச்சிராயபாளையம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கள்ளக்குறிச்சி.

பொருள்: சங்கராபுரம் வெண்பிறை கணினிப் பயிற்சி மையம் – 12.02.2025 செய்முறைத் தேர்வு – பார்வையற்ற இருவர் குரல் மென்பொருளை நிறுவ அனுமதி மறுக்கப்பட்டது – மறுதேர்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் கல்வராயன்மலையைச் சேர்ந்த இருசப்பன் (22) என்பவரும் பார்வையற்றவர்கள். மேற்படி மையத்தில் ஆறு மாதம் லினக்ஸ் இயங்குதளக் கணினியில் பயின்றோம். திரையில் உள்ளதைத் தமிழில் வாசிக்கும் மென்பொருள் இருந்தால் எங்களுக்கு வேறு துணை தேவையில்லை. எழுத்தால் மட்டுமே ஆணையிடும் கட்டளைத் திரையில் ஒரே வரி தட்டச்சு செய்து அதை நிறுவ இருவரும் கற்றிருந்தோம். கணினி முதன்முதலில் தம் பெயரை வாசித்த அன்று இருசப்பன் அதையே பத்து முறை வாசிக்கவைத்தார்.

2. தேர்வுக்கு முந்தைய வாரம் யாரோ கட்டளைத் திரையில் தவறாகத் தட்டியதில் இரண்டு கணினிகள் முடங்கின. பொறுப்பாளர் திரு. பிரவீன்குமார் எல்லாக் கணினிகளிலும் இருந்ததை அழித்துப் புதிதாக அமைத்தார். எங்கள் குரல் மென்பொருளும் அதோடு போயிற்று. இனி மென்பொருள் அங்காடியில் மவுசால் சொடுக்கித்தான் எதையும் நிறுவ வேண்டும், கட்டளைத் திரையைத் தொடக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். ஒட்டியதை எங்களுக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

3. தேர்வன்று கணினிகள் பேசவில்லை. முறையிட்டதும் பொறுப்பாளரே அங்காடியில் தேடிப்பார்த்து, "இதுல அப்படி ஒண்ணுமே காட்டலியேம்மா" என்றார். அந்த அங்காடி, படம் போட்ட செயலிகளை மட்டுமே காட்டும். குரலுக்குப் படம் இல்லை; அதனால் அது அங்கே வராது. இதைச் சொல்லி, ஒரு வரி மட்டும் தட்ட அனுமதி கேட்டேன். "எல்லாரும் மவுசுலதான் பண்ணிக்கினு இருக்காங்க. உங்களுக்கு மட்டும் தனியா இன்னா? திரும்ப மிஷின் பூடுச்சின்னா யாரு பதில் சொல்றது?" என்று மறுத்துவிட்டார். மழை நாட்களில் என்னைப் பேருந்து வரை அழைத்துவந்து ஏற்றிவிட்டவர் அவர். அதனால் முழுதாகக் கோபப்படவும் என்னால் முடியவில்லை.

4. சுற்றிலும் மற்றவர்கள் தட்டச்சு செய்யும் ஓசை. இருசப்பன் என் கையைத் தொட்டு, "அக்கா, என்னுது பேசவே இல்லக்கா" என்றார். பிறகு அவரும் ஏதோ தட்டினார். அது எங்கே பதிந்தது, பதிந்ததா என்றே அவருக்குத் தெரியாது. இருவருக்கும் தோல்வி என்று அறிவித்துவிட்டனர். மலைக்குத் திரும்பியவர் கைப்பேசியை எடுப்பதில்லை. அவருடைய அண்ணன் எடுத்து, "அவன் இனிமே கீழ எறங்கமாட்டேன்றாம்மா" என்றார்.

5. எனவே எங்கள் இருவருக்கும் மறுதேர்வு நடத்தவும், பார்வையற்றோர் அமரும் கணினிகளில் கட்டளைத் திரையை அனுமதிக்கவும் தாங்கள் ஆணையிட வேண்டுகிறேன். ஒருவருக்குத்தான் இயலும் என்றால் இருசப்பனுக்கு வழங்குங்கள். ஆணை பிறந்தால், கடிதமாக அனுப்புவதோடு விடாமல், தனித்தாளில் இணைத்துள்ள அவர் அண்ணனின் எண்ணில் அலுவலர் ஒருவர் அழைத்து இருசப்பனிடமே சொல்லவும் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால், தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்றுதான் நினைப்பார்.

இடம்: கள்ளக்குறிச்சி
நாள்: 17.02.2025

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்) வீ. மணிமொழி