மூடுபனி நாளில் சொல்லும் கதை

பிப்ரவரி 9

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

இங்கே நானும் என் சுற்றுலா வண்டியும் முழங்கால் வலியும் சுகம். அங்கே நீயும் குட்டியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வந்துவிடுகிறது. எழுதினால், கடிதம் வந்து சேருவதற்குள் உன் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

'ஊரெல்லாம் வந்து பார்க்கிற இடத்தில் ஏழு வருஷம் குடித்தனம் நடத்தினேன். ஒன்றையாவது எனக்குக் காட்டினீர்களா?' என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். சுருக்கென்றது. நியாயம்தான். வழிகாட்டியின் பெண்டாட்டி அடுப்படி ஜன்னலைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை என்றால் யார் நம்புவார்கள்?

இந்த முறை வா, எல்லாம் காட்டுகிறேன். கடைத்தெருவிலிருந்து மலை முகட்டுக்கு இப்போது ரோப் கார் ஓடுகிறது. ஏரியில் மிதி படகு விட்டிருக்கிறார்கள். அருவியில் கோடையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. நகராட்சிக்காரர்கள் மேலே தொட்டியைத் திறந்துவிடுகிறார்கள், யாரிடமும் சொல்லிவிடாதே. மியூசியத்தில் பாடம் செய்த கரடி ஒன்று இருக்கிறது, ஒற்றைக் கண்ணோடு உன் அண்ணன் மாதிரியே முறைக்கும். கடைசியாகக் காட்சி முனை. சுற்றிலும் மலை, நடுவில் கிண்ணத்துக்குள் கொட்டி வைத்த மாதிரி நம் ஊர். பனி மூடாமல் இருந்தால் நம் வீட்டு மாடியே தெரியும்.

ஆமாம், வீடு மாற்றிவிட்டேன். மாடியில் இரண்டு அறை. குட்டிக்குத் தனி அறை. நானே வெள்ளையடித்தேன். தலையெல்லாம் சுண்ணாம்பு. தலை ஏற்கெனவே வெள்ளைதான் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. குட்டியின் போட்டோ ஒன்று அனுப்பக் கூடாதா? என்னிடம் இருப்பதில் அவளுக்கு முன்பல் இல்லை.

உன் பதிலுக்காகத் தபால்காரரைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும்,
குட்டியின் அப்பா


பிப்ரவரி 21

குட்டியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். அதுதான் உங்கள் பிழைப்பு. அதனாலேயே எனக்கு உங்கள் பேச்சு என்றால் பயம்.

குட்டிக்கு உடம்பு அனலாகக் கொதித்த அன்று நீங்கள் அருவியில் யாரோ ஒரு குடும்பத்தைச் சிரிக்கச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஆள் விட்டுச் சொல்லியும், "பார்ட்டியை விட்டுட்டு எப்படி வர்றது?" என்றீர்களாம். நான்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். காய்ச்சல் விட்டதும் அங்கிருந்தே அண்ணன் வீட்டுக்கு பஸ் ஏறினேன். பின்னாலேயே வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் உங்களுக்கு வழி தெரிந்திருக்கிறது. வழிகாட்டியாம்!

இவ்வளவும் எழுதிவிட்டு இதையும் எழுதத்தான் வேண்டும். மனசு கேட்கவில்லை. மார்ச் மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று பல் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வரவேற்பு மேசைக்கு வேறு பெண்ணும் வந்துவிட்டாள். அவளுக்கு வேலை பழக்கிக்கொண்டிருக்கிறேன். "ஏன் மேடம் போறீங்க?" என்று கேட்டாள். "வீட்டுக்காரர் கூப்பிடுறாரு" என்று சொன்னேன். இந்த வயதில் எனக்கு வெட்கம் வந்தது, என்னத்தைச் சொல்ல.

குட்டி மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறாள். "முதல்ல நான் ஆளைப் பாக்கணும், அப்புறம் சொல்றேன்" என்கிறாள். போட்டோ அனுப்பவும் விடவில்லை. நேரில் பார்க்கட்டுமாம்.

குளிரில் தொண்டையை மூடிக்கொள்ளுங்கள்.

குட்டியின் அம்மா


மார்ச் 5

என் அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். மடித்து மடித்து நடுவில் கிழிந்துவிட்டது. குட்டிக்குக் கட்டில் வாங்கிவிட்டேன். அவள் எவ்வளவு உயரம் என்று தெரியாததால் நீளமானதாகவே வாங்கினேன்.

நேற்று கல்லூரிப் பெண்கள் கூட்டம் ஒன்று வந்தது. வண்டி முழுக்கச் சிரிப்பு. நம் குட்டியும் இப்படித்தானே இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். காட்சி முனையில் பனி அப்பிக்கொண்டு கையை நீட்டினால் கை தெரியவில்லை. ஆனாலும் ஒருவர்கூடக் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. பேசியே சமாளித்துவிட்டேன். கடைசியில் மூன்று பெண்கள் வந்து, "உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். உன் புருஷனுக்கு இன்னும் மவுசு இருக்கிறது, பார்த்துக்கொள்.

எந்தத் தேதி, எந்த பஸ் என்று எழுது. நிலையத்தில் வந்து நிற்கிறேன்.

குட்டியின் அப்பா


மார்ச் 14

குட்டியின் அப்பாவுக்கு,

அந்த வண்டியில் குட்டி இருந்தாள்.

கல்லூரிச் சுற்றுலாவுக்கு உங்கள் ஊர்தான் வேண்டும் என்று எல்லாரிடமும் கெஞ்சியது அவள். உங்கள் வண்டிதான் வேண்டும் என்று கேட்டு ஏறியதும் அவள். கடைசியில் இறங்கும்போது "அப்பா" என்று கூப்பிட்டு உங்களைத் திகைக்க வைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒத்திகைகூடப் பார்த்தாள்.

வந்ததும் பையைப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை. "என்னடி, பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேன். நாம செத்துப் போயிட்டோம்மா" என்றாள்.

பிறகுதான் எல்லாம் சொன்னாள். பனி மூடியிருந்ததாம். "காசு கொடுத்து இதையா பாக்க வந்தோம்?" என்று யாரோ முணுமுணுத்தார்களாம். உடனே நீங்கள் தொப்பியைக் கழற்றினீர்களாம். "இந்தக் கம்பி வேலி அப்ப கிடையாதுங்க. இதே மாதிரி பனி. என் பொண்டாட்டி குழந்தையைத் தூக்கிக்கிட்டு எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தா. ஒரு எட்டு தள்ளி வெச்சுட்டா" என்றீர்களாம். கூட வந்த ஆசிரியை உட்பட எல்லாரும் அழுதார்களாம். போட்டோ எடுக்கும்போது இவள் தலையைத் தடவி, "என் பொண்ணு இருந்திருந்தா உன் வயசுதாம்மா இருக்கும்" என்று சொன்னீர்களாம்.

அவள் தலையைத்தான் தடவியிருக்கிறீர்கள்.

நான் சாப்பாடு கொண்டு வந்தேனாம்! காட்சி முனை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. கீழே தள்ளிவிடுவதற்குத்தான் என்னை முதல்முறையாக அங்கே கூட்டிப்போயிருக்கிறீர்கள்.

உங்கள் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்ததாம். அதைச் சொல்லும்போதுதான் இவளுக்கு அழுகை வந்தது.

எத்தனை வருஷமாக எங்களைக் கொன்றுகொண்டிருக்கிறீர்கள்? பதில் எழுதுங்கள்.

குட்டியின் அம்மா


மார்ச் 20

அன்புள்ள குட்டி அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் வண்டியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ என்னை விட்டுப் போன அந்த வருஷமே தொடங்கியது. இங்கே பாதி நாள் பனி. ஒன்றும் தெரியாவிட்டால் வந்தவர்கள் காசைத் திருப்பிக் கேட்பார்கள். முதலாளி என் மேல் பாய்வார். மற்ற வழிகாட்டிகள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஒருவனுக்குப் பேய், ஒருவனுக்குச் சுரங்கப் பாதை. என்னிடம் ஒன்றுமில்லை. அப்படி ஒரு நாள் ஒரு அம்மா, "உங்க குடும்பம் எங்கே?" என்று கேட்டார்கள். 'விட்டுட்டுப் போயிட்டா' என்று சொல்ல நாக்கு புரளவில்லை. "இல்லைங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்கள். அன்று யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. கம்பியும் சாப்பாடும் பிறகு தானாகவே வந்து சேர்ந்துகொண்டன.

பெண்டாட்டி ஓடிப்போனவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். பெண்டாட்டி செத்தவனுக்கு எழுந்து இடம் கொடுக்கும். நான் என்ன செய்ய? ஆனால் அழுகை நடிப்பில்லை. சொல்லும்போதெல்லாம் நீங்கள் இருவரும் என்னை விட்டுப் போவது என் கண்ணில் தெரியும். இதை நீ நம்ப வேண்டும்.

இனி வாயைத் திறக்க மாட்டேன், சத்தியம். தயவுசெய்து வந்துவிடு. ஒரே ஒரு சங்கடம். கடைத்தெருவில், ரோப் கார் டிக்கெட் கவுன்ட்டரில், வீட்டுச் சொந்தக்காரரிடம் எல்லாம் இந்தக் கதைதான். திடீரென்று நீ வந்து நின்றால் என் முகத்தில் காறித் துப்புவார்கள். அதனால் கொஞ்ச நாளைக்கு மட்டும், நான் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள் என்று சொல்லிக்கொள்ளலாமா? குட்டியை உன் பெண் என்று சொல்லிவிடலாம். ஒரு வருஷத்தில் எல்லாம் பழகிவிடும். வீட்டுக்குள் நாம் நாமாகத்தானே இருக்கப் போகிறோம்?

அந்தக் கூட்டத்தில் குட்டி யார் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் போய்விட்டது. அந்தப் பச்சை ஸ்வெட்டர் போட்ட பெண்தானே? விசும்பி விசும்பி அழுதாளே, அவள்தானே? அப்போதே எனக்குத் தோன்றியது. பெற்ற மனசு இல்லையா? அவளிடம் சொல், அப்பா அவளை அடையாளம் கண்டுகொண்டார் என்று.

குட்டியின் அப்பா


ஏப்ரல் 2

வழிகாட்டி அவர்களுக்கு,

பச்சை ஸ்வெட்டர் போட்ட பெண் குட்டியின் தோழி. எந்தச் சோகக் கதை கேட்டாலும் அழுவாளாம். குட்டி அழவில்லை.

போட்டோ கேட்டீர்களே, அன்று உங்களோடு மூன்று பேரும் எடுத்துக்கொண்டதை இதோடு வைத்திருக்கிறேன். இடது பக்கம் நிற்பவள் உங்கள் மகள். இதற்கு மேலும் யோசித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வரவேற்பு மேசை கைவிட்டுப் போய்விட்டது. டாக்டர் மனது வைத்து உள்ளே கருவிகள் கழுவுகிற வேலை கொடுத்திருக்கிறார். நான் பழக்கிய பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறாள். "ஊருக்குப் போகலையா மேடம்?" என்று முதல் நாள் கேட்டாள். அதன் பிறகு கேட்கவில்லை.

எனக்காகச் சத்தியம் எல்லாம் செய்ய வேண்டாம். பனி நாளில் நீங்களும் பிழைக்க வேண்டுமே, கதையைச் சொல்லிக்கொண்டிருங்கள். கடைத்தெருவில் உங்கள் மானத்தைக் கெடுக்க நாங்கள் யாரும் வரப்போவதில்லை. இனிமேல் கடிதமும் வராது.

உங்கள் கடைசிக் கடிதத்தைக் குட்டியின் கண்ணில் படாமல் வைக்கத்தான் நினைத்தேன். அவளே எடுத்துப் படித்துவிட்டாள். ஒரு இடத்தைத் திரும்பப் படித்தாள். பிறகு, "அப்ப நான் உனக்கு மட்டுந்தான் பொண்ணாம்மா?" என்று கேட்டாள்.

"ஆமாடி" என்றேன்.

குட்டியின் அம்மா