கிணற்றடிக் கதவும் உங்கள் பாட்டும்

அன்பின் அக்கா,

உங்கள் மகள் கொண்டுவந்து தந்த கோப்புக்கட்டைத் திறந்ததுமே ஓடிக்கொலோன் வாசம் குப்பென்று அடித்தது. முகம் துடைக்கும் கைலேஞ்சியில் தெளிப்பது போதாதென்று பிரதி எடுத்த தாள்களிலும் சிந்தியிருக்கிறீர்கள். "கொலோனிலை இருந்துகொண்டு ஓடிக்கொலோன் பூசாத ஒரே ஆள் நீர்தான்" என்று என்னைச் சீண்டுவீர்களே! கொஞ்சம் அழுதேன், பிறகு வாசிக்கத் தொடங்கினேன்.

இந்த ஜெர்மனியில் நீங்கள் ஹனோவரிலிருந்தும் நான் கொலோனிலிருந்தும் ஹாலேக்கு ரயிலேறிப் போனதெல்லாம் அந்த ஒருத்திக்காகத்தானே. பதினெட்டாம் நூற்றாண்டில் தரங்கம்பாடிப் பக்கம் இருந்தவள். பாட்டும் எழுதினாள், ஊர்ச் சண்டை வழக்குகளும் எழுதினாள். எல்லாம் அங்கிருந்த பாதிரிமார் அனுப்பிய ஒரே கட்டாக ஹாலே ஆவணக் காப்பகத்தில் கிடந்தன. புள்ளியில்லாத அந்தக் கையெழுத்தில் ஒரு நாளைக்கு ஒரு தாள் நகர்ந்தாலே பெரிய காரியம்.

"சாத்திய கதவைத் திறவாயோ" என்ற பாட்டு கிடைத்த அன்று இருவரும் உருகிப்போனோம். கடவுளைத்தான் அழைக்கிறாள் என்பதில் நமக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்துச் சரஸ்வதி பூசையில் நீங்கள் அதைக் கண்மூடிப் பாடினீர்கள். சனம் கண்ணைத் துடைத்தது. அடுத்த முறை போய் அடுத்த தாளை வாசித்தால், பக்கத்து வளவுக்காரன் பொதுக்கிணற்றடிக் கதவைப் பூட்டிவிட்டான் என்று முறைப்பாடு! பாட்டு அவனுக்குத்தான்.

"ஐயோ, அந்தப் பூட்டுக்காரனுக்கோ நான் சாம்பிராணி போட்டுப் பாடினனான்?" என்று வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிச் சிரித்தீர்கள். வாசிப்பறையே திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அடங்கியதும் சொன்னீர்கள்: "பாட்டையும் சண்டையையும் பிரிச்சுப் போடாதையும். பிரிச்சால் அவளே இல்லை."

நேற்று நம் புத்தகத்தைப் போட இருக்கும் சென்னைப் பதிப்பாளர் அழைத்தார். "மேடம், கவிதை மட்டும் போடலாம். கிணத்துச் சண்டையெல்லாம் ரீடர்ஸுக்கு போர் அடிக்கும். அதையும் சேர்த்தா புக் வர்றது கஷ்டம்" என்றார். நம் உழைப்பு முழுவதும் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தேன். ஆனாலும் "அது ஏலாது தம்பி" என்றேன். கதவுக் கதையை முழுதாகச் சொன்னேன். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்புறம் அந்தக் கதவைத் திறந்தாங்களா, மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாசிச்சுப் போட்டுச் சொல்லுறன்" என்றேன். "அப்ப எல்லாத்தையும் சேர்த்தே அனுப்புங்க" என்றார்.

அதைச் சொல்லும் தாளுக்கு நாம் போகுமுன் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டீர்கள். அங்கே படுத்திருந்தும் "அவளுக்குத் தண்ணி கிடைச்சுதோ?" என்று என்னைத்தான் கேட்டீர்கள். பதில் சொல்லாமலே உங்களைக் கடைசியாக வழியனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஹாலேக்குத் தனியாகப் போகிறேன், அக்கா. என்ன எழுதியிருந்தாலும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன், பதிப்பாளர் காத்திருக்கட்டும்.