பேர் சொல்லாத தடம்

ஆனந்த வருடம், ஆவணி மாதம், செவ்வாய் இரவு.

எனக்கு எழுத்து வராது. ஏலத்தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எழுதுகிறார். மகளிடம் சொல்ல முடியாததை இவரிடம் சொல்கிறேன்.

சாயங்காலம் ஓடைப்பக்கம் எங்கள் பால் ஆட்டை ஏதோ அடித்து இழுத்துப் போய்விட்டது. மாப்பிள்ளை சிலமலைக்காரன், கிடையாட்டோடு வளர்ந்தவன். "ஓநாய்தான் மாமா, வெரசா போனா ஆட்ட மீட்டிரலாம்" என்று கம்போடு ஏறினான். கீழே அவர்கள் ஊரில் பேரைச் சொல்லிக் கூவினாலே ஓநாய் ஓடிவிடும். அப்படியே கூவிக்கொண்டு போனான். மலையில் நாங்கள் உடம்பெல்லாம் கோடு போட்டதைப் பேர் சொல்வதில்லை, பெரியவர் என்போம். கூவினால் அவர் ஓடமாட்டார், உட்கார்ந்து கேட்பார்.

அவன் போன பிறகுதான் ஓடை ஈரத்தில் தடத்தைப் பார்த்தேன். ஓநாய் என்றால் நகம் பதிந்திருக்கும். இதில் நகமே இல்லை. என் உள்ளங்கை அதற்குள் அடங்கியது. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஆள் கூட்ட ஓடினேன்.

ஆட்கள் தீப்பந்தத்தோடு போயிருக்கிறார்கள். மகள் அவனுக்குச் சோறு எடுத்து மூடிவிட்டு, "ஓநாய்தானேய்யா?" என்றாள். "ஆமா ஆத்தா" என்றேன்.

"இதுலயாவது அந்தப் பேரைப் போடட்டுமா?" என்கிறார் கணக்கப்பிள்ளை.

"வேணாங்க. மாப்ள இன்னும் மேலதான் இருக்கான்."