அரைப்பேர்

1914 பெப்ரவரி 9, திங்கள்

பதுளையில் நான் தங்கிப் படிக்கும் மாமா வீட்டு வண்டிமாட்டுக்கு லாடம் கழன்றுவிட்டது. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதில் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டேன். வாசலில் பெரிய வகுப்புத் தம்பையா நின்றான். கையைக் குவித்துக் கொம்பு ஊதுகிற மாதிரி ஊதினான். "நமுனுகுல மாரிசாமி பெரட்டுக்குப் பிந்திட்டான். இன்னிக்கி அரைப்பேரு" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

எங்கள் நமுனுகுல தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் கொம்பு ஊதி, எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். அதுதான் பெரட்டு. பிந்தினால், பொழுது சாயும்வரை கொழுந்து பறித்தாலும் பாதிநாள் கூலிதான். அரைப்பேர். பதுளைக் கடைத்தெருவில் பிறந்தவனுக்கு இது எப்படித் தெரியும்?

பெப்ரவரி 10

தெரிந்துவிட்டது.

இன்றைக்குத் தம்பையா புத்தகப் பையின் வாரை நெற்றியில் மாட்டி, கூடை மாதிரி முதுகில் தொங்கவிட்டான். "புள்ளைக்குக் காய்ச்சலுங்க, அதான் பிந்திட்டேங்க" என்று அழுதுகாட்டினான். அது என் அம்மா. தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்ட அன்று அம்மா பெரட்டில் கெஞ்சியதையும், அரைப்பேரோடு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுததையும் நான் ஒருத்தனிடம்தான் சொன்னேன். என் சிநேகிதன் லிங்கத்திடம்.

பொங்கலுக்குத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தான். கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று, இருந்த ஒரே வெண்கல வட்டிலில் அம்மா அவனுக்குச் சோறு போட்டாள். பணியாரத்தைக் கேட்டு வாங்கித் தின்றான். திரும்பும்போது பசறை ரோட்டில் வைத்துத்தான் சொன்னேன். என் தோளில் கைபோட்டபடி கேட்டுக்கொண்டு வந்தான். பாவி.

தம்பையா அழுதுகாட்டியபோது லிங்கம் பின்னால் நின்றான். சிரித்தான். பெரிதாக இல்லை, கொஞ்சமாக. அதுதான் தாங்கவில்லை.

பெப்ரவரி 12

லிங்கத்திடம் நேரே போய்க் கேட்டேன். முகம் பார்க்கவில்லை.

"வெளையாட்டுக்குத்தான்டா சொன்னேன். அவங்ககூடச் சேரணும்னா ஏதாச்சும் சொல்லணும்ல."

இவன் சேர்வதற்கு என் அம்மாதான் கிடைத்தாளா?

பெப்ரவரி 17

நேற்று வாத்தியாரிடம் சொன்னேன். தம்பையாவுக்குப் பிரம்படி விழுந்தது. அதோடு விட்டது என்று நினைத்தேன். இன்றைக்கு அவன் பெரட்டு வைத்தது வாசலில் இல்லை, கிணற்றடியில். வாத்தியார் கண்ணுக்குத் தெரியாத இடம். பேர் கூப்பிட்டு, நான் "வந்தேங்க" சொல்லும்வரை விடவில்லை. சொன்னேன். சொல்லித் தொலைத்தேன்.

பெப்ரவரி 20

போகவில்லை. மாமாவிடம் தலைவலி என்றேன்.

பெப்ரவரி 22, ஞாயிறு

மாமாவுக்குச் சந்தேகம். "படிப்பு ஏறலன்னா சொல்லிப்புடு. சித்திரையில தோட்டத்துல பேர் பதிஞ்சிரலாம். கங்காணி கேட்டுக்கிட்டேதான் இருக்காரு" என்றார். பதிந்துவிட்டால் அவ்வளவுதான், பிறகு புத்தகம் ஏது. என் பேர் அதில் விழக் கூடாது என்றுதான் அம்மா என்னை இங்கே அனுப்பினாள். ஆனாலும் அங்கே நிஜப் பெரட்டில் நிற்கலாம் போலிருக்கிறது. அங்கே என்னைக் காட்டிக்கொடுத்தவன் யாரும் பக்கத்தில் நிற்க மாட்டான்.

மார்ச் 2

இதை எப்படி எழுதுவது.

கிணற்றடியில் தம்பையா பேர் கூப்பிடத் தொடங்கினான். என் வகுப்புத் துணிக்கடை ஜாபிர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றான். எனக்கும் அவனுக்கும் பேச்சே கிடையாது. ஒருமுறை நான் சிலேட்டுக்குச்சி கேட்டதற்கு இல்லை என்றவன்.

"என் பேரையும் கூப்புடு" என்றான்.

"நீ எதுக்குடா? ஒங்க வாப்பா கடை வச்சிருக்காரு."

"கூப்புடுன்னேன்."

தம்பையா கூப்பிடவில்லை. ஏதோ முனகிவிட்டுப் போய்விட்டான். ஏன் வந்தாய் என்று ஜாபிரைக் கேட்டேன். "நேத்து ராத்திரி இதை வீட்ல சொல்லிச் சிரிச்சேன். சோறு வச்சிக்கிட்டிருந்த உம்மா கையை நிறுத்திட்டாங்க. அப்புறம் எனக்குச் சோறு எறங்கல" என்றான்.

மார்ச் 5

ஜாபிர் ஒவ்வொருத்தனாகப் பிடித்துப் பேசியிருக்கிறான். அடிக்கப் போகவில்லை, வாத்தியாரிடமும் போகவில்லை. "நீ சிரிக்காம இரு, முடிஞ்சா வந்து நில்லு" என்றானாம். இன்றைக்கு என் பக்கத்தில் பாதி வகுப்பு நின்றது. பெரட்டில் நிற்கத்தான் ஆள், பார்த்துச் சிரிக்க ஆள் இல்லை. தம்பையாவின் கொம்பு ஊதும் கை சும்மா தொங்கியது.

லிங்கம் இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை.

மார்ச் 11

தம்பையாவுக்குப் புது ஆள் கிடைத்துவிட்டது. "கோள்மூட்டிப் பயலுக்கு அரைப்பேரு" என்று லிங்கத்தைக் கிணற்றடியில் நிறுத்தினான். என்னோடு நின்றவர்களில் சிலரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இருக்காதா? வேணும் அவனுக்கு என்று நினைத்தேன்.

அப்போது அவன் "வந்தேங்க" என்றான். நான் சொன்ன அதே குரலில்.

நான் போய் அவன் பக்கத்தில் நின்றேன். பின்னாலேயே ஜாபிர் வந்தான், "ஒனக்குக் கிறுக்காடா" என்று திட்டிக்கொண்டே. கூட்டம் கலைந்தது. லிங்கம் அழுதான். "மன்னிச்சிருடா மாரி" என்றான். புத்தகப் பையை எடுத்துக்கொண்டு நடந்தேன். நின்றதே அதிகம்.

ஏப்ரல் 13, சித்திரை வருஷப்பிறப்பு

நமுனுகுல. மலை முழுக்கப் பனி. கங்காணி பேர் பதியக் கேட்டார். பள்ளிக்கூடம் திறந்ததும் போகிறேன் என்றேன். என்னைப் பெற்ற ஐயாவுக்கு அதில் சந்தோஷம் என்று தெரிந்தது.

அம்மா வெண்கல வட்டிலைத் துலக்கி வைத்திருந்தாள். "அந்தப் புள்ள வரலியா?" என்றாள்.

"அவனுக்குக் கடையில வேலையாம்மா."

"பணியாரம்னா ஆசையாத் தின்னுச்சே" என்றாள். எதுவும் தெரியாது அவளுக்கு. தெரியவும் வேண்டாம்.

"அடுத்த தடவை ஜாபிர்னு ஒருத்தன் வாரேங்கிறான்" என்றேன்.

"நல்ல புள்ளையா?"

"ஆமாம்மா."

பொங்கலுக்கு முன்னால் லிங்கத்தைப் பற்றியும் இதைத்தான் கேட்டாள். நானும் இதைத்தான் சொன்னேன்.