சீல் வைப்பதற்கு முன்

ஐப்பசி, செவ்வாய் இரவு. ஏரல்.

தூ.

கப்பல் வந்ததும் உள்ளே இருக்கிற சிகரெட், மது எல்லாவற்றையும் கேப்டன் சுங்கத்துக்குச் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு வந்தவர் எதையும் மறைக்கவில்லை. அவற்றை வைத்துப் பூட்டும் அலமாரிக்குச் சீல் வைக்க வந்த சுங்க அதிகாரி இரண்டு பாட்டிலை உருவி, கப்பல் ஏஜெண்ட் ஆபீஸ் ஆளான என் பைக்குள் திணித்தார்.

"வெளிய கொண்டாந்துரும் வே. ஒம்ம பைய எவன் பாக்கான்?"

கேப்டனிடம் எண்ணிக்கையைக் குறைத்து எழுதச் சொன்னார். அந்த மனுஷர் என் பையைப் பார்த்துக்கொண்டே எழுதினார். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

துறைமுக வாசலுக்கு வெளியே பாட்டில்களை வாங்கிக்கொண்ட அதிகாரி, கப்பல் சாக்லேட் ஒன்றை என் சட்டைப்பையில் செருகினார். "பிள்ளைக்குக் குடும்." தூக்கி எறிந்திருக்கலாம்.

வீட்டில் மகள் அதை வாயெல்லாம் அப்பிக்கொண்டு கேட்டாள். "நாளைக்கும் கப்பல் வருமாப்பா?"

வரும் என்றேன்.