இணைப்பு ஏழு

பிப்ரவரி 6

அன்புள்ள பம்பரத்துக்கு,

இங்கே எல்லோரும் நலம். போன வாரம் வெளிநாட்டில் இருக்கும் உன் ஆணி ஆலையிலிருந்து தொலைபேசியில் ஒரு கேள்வி கேட்டாய், தம்பி. "அக்கா, உங்க ஊர் ஆணி இங்க வந்து இறங்குற விலைக்கு எனக்கு வெறும் கம்பிகூடக் கிடைக்காது. அவங்களுக்கு எப்படிக்கா கட்டுப்படியாகுது?" அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, நான் ஓடிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, பதில் சொல்லாத கேள்வி தொண்டையில் சிக்கிய முள். இங்குள்ள ஆணி ஆலையில் மேற்பார்வையாளராக இருக்கும் மாப்பிள்ளையிடம் கேட்டு எழுதுகிறேன்.

ஒரு பேருந்தை நினைத்துக்கொள். பாதி இருக்கை காலியாக ஓடினாலும் டீசலும் ஓட்டுநர் சம்பளமும் அதேதான். கிளம்புகிற நேரத்தில் ஒருவர் பாதிக் கட்டணத்தை நீட்டினால் ஏற்றிக்கொள்ளத்தான் தோன்றும். இந்தப் பொருளாதார நெருக்கடியில் உள்ளூரில் யாரும் வீடு கட்டுவதில்லை. இயந்திரத்தை நிறுத்தினால் ஆட்கள் கலைந்துபோவார்கள். அதனால் நஷ்டத்துக்காவது வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். மின்கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கிறது. அதற்குப் பதிலாக வாரத்தில் இரண்டு நாள் மின்சாரமே கிடையாது. எல்லோருடைய சம்பளத்திலும் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டார்கள். மகளுக்கு இது ஏழாம் மாதம். "பிரசவம் வரைக்கும் ஆலை ஓடினாப் போதும் அத்தை" என்கிறார் மாப்பிள்ளை.

ஒரு வேடிக்கை கேள். இங்கே வரும் கம்பிச் சுருள், உன் ஆலைக்கு எதிரே இருக்கிற அந்தக் கம்பி ஆலையில் செய்தது! அங்கே கிளம்பி, இங்கே ஆணியாகித் தலை வாங்கிக்கொண்டு, மறுபடி உன் வாசலுக்கே வருகிறது.

புரியாவிட்டால் மறுபடி கேள்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தப் பேருந்து பிரமாதம். என் வக்கீலுக்கே அப்போதுதான் விஷயம் விளங்கியது.

இங்கே நாற்பது பேரில் பதினொரு பேரை அனுப்பிவிட்டேன். அவர்களில் ஒருவர் தன் டீ கப்பைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டுப் போனார். இன்று வரை அதை யாரும் தொடவில்லை.

நஷ்டத்துக்கு விற்பதைப் பற்றியும் மின்கட்டணத்தைப் பற்றியும் இன்னும் கொஞ்சம் விவரமாக எழுதேன். மகளை ஜாக்கிரதையாகப் பார்த்துக்கொள்.

உன்,
பம்பரம்


ஏப்ரல் 11

ஆணி ஆலை முதலாளி அவர்களுக்கு,

பம்பரம் என்று உன் செல்லப்பேரை எழுத இன்று மனம் வரவில்லை.

நேற்று மாப்பிள்ளை காலை பத்து மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். மேலாளர் அவரை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை மேசையில் போட்டாராம். "உங்க அத்தை கையெழுத்து மணி மணியா இருக்குப்பா. என் பொண்ணோட பள்ளிக்கூட நோட்டுல பாத்திருக்கேன். இப்ப எங்க ஆலையையே அழகா எழுதிக் குடுத்துட்டாங்க!"

அது உங்கள் நாட்டு வணிக ஆணையத்துக்கு நீ கொடுத்த புகாரோடு வைத்த தாள்; பதில் கேட்டு ஆணையம் எங்கள் ஆலைக்கு அனுப்பியிருக்கிறது. நாங்கள் அடக்க விலைக்கும் கீழே விற்று உன் சந்தையைக் கெடுக்கிறோமாம், ஆகவே எங்கள் ஆணிக்கு இரண்டு மடங்கு இறக்குமதித் தீர்வை போட வேண்டுமாம். ஆதாரம், இணைப்பு ஏழு. என் கடிதம்!

அதிலும் முழுக் கடிதம் இல்லை. 'மின்கட்டணத்தில் பாதியை அரசு ஏற்கிறது' என்ற இடத்தோடு நகல் நின்றுவிட்டது. இரண்டு நாள் இருட்டு எங்கே? பிடித்த சம்பளம் எங்கே? உன் எதிர் ஆலைக் கம்பி எங்கே? விடைத்தாளில் பாதியைக் கிழித்துவிட்டு மீதிக்கு மார்க் போடுகிற ஆசிரியரை நான் பார்த்ததில்லை. அந்த வேலையைச் செய்கிறவனுக்குத்தான் தினமும் தலை வாரிப் பள்ளிக்கூடம் அழைத்துப் போயிருக்கிறேன்.

தம்பி கேட்டான் என்று பதில் சொன்னேன். என்னைக் கேட்காமலே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டாய். ஆலை ரகசியத்தை வெளியே சொன்னார் என்று மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மகள் காலையில் நான் வைத்த காபியைத் தள்ளிவைத்துவிட்டாள்.

ஒன்று, அந்தத் தாளைத் திரும்ப வாங்கு. இல்லையென்றால் முழுக் கடிதத்தையும் கொடு.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல். இருபத்தொன்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பூட்டைத் தொங்கவிடவா? நேற்றும் ஒரு வியாபாரி உங்கள் ஊர்ப் பெட்டியை என் மேசையில் வைத்து, "இதைவிடக் கம்மியாக் குடு, வாங்கிக்கிறேன்" என்று சிரித்தான். உங்கள் அரசு மின்சாரம் கொடுக்கிறது. எனக்கு யார் கொடுக்கிறார்கள்?

அந்தப் பாதி மட்டும் போதும் என்றார் வக்கீல். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. தப்புதான். மாப்பிள்ளைக்கு இப்படி ஆகும் என்று சத்தியமாக நினைக்கவில்லை.

இப்போது உங்கள் ஆலைத் தரப்பு, அந்தக் கடிதமே போலி என்கிறது. அது நீ எழுதியதுதான் என்று இத்துடன் இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூனில் விசாரணை. ஒரே ஒரு கையெழுத்து, அக்கா.

பம்பரம்


மே 9

தம்பிக்கு,

மகளுக்குப் பெண் குழந்தை. இருவரும் நலம். மாப்பிள்ளை வீட்டோடு இருப்பதால் குழந்தைத் துணி துவைத்துக் காயப்போடுவது அவர் பொறுப்பு. "இந்த ஷிப்டுக்கு லீவே கிடையாது அத்தை" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை நீ பார்க்க வேண்டும்.

நேற்று எங்கள் அரசு உங்கள் நாட்டுக் கம்பிக்குப் பதிலடியாகத் தீர்வை போட்டுவிட்டது. நீ தீர்வை கேட்டதற்கு இது பதில் மரியாதையாம். இனி உன் எதிர் ஆலையிலும் டீ கப்புகள் கவிழும். அந்த ஆட்கள் உன்னை என்ன கேட்பார்கள் என்று யோசித்தாயா? யாரோ இரண்டு அலுவலக மேசையில் உட்கார்ந்து மாற்றி மாற்றி எறிகிறார்கள். விழுவதெல்லாம் துணி காயப்போடுகிறவர் தலையில்.

கையெழுத்துக் கேட்டாய். போட்டுவிட்டேன். நீ அனுப்பிய தாள் வெறுமையாகத் திரும்பி வருகிறது, பார்த்துக்கொள். எதையும் முதலில் வரைவாக எழுதிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல தாளில் எழுதுவேன் என்பது உனக்குத் தெரியும். அந்த வரைவைப் பார்த்து என் பிப்ரவரிக் கடிதத்தை மூன்று முறை முழுதாக எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டேன். ஒன்று பதிவுத் தபாலில் ஆணையத்துக்குப் போய்விட்டது. நஷ்டத்துக்கு விற்கிறார்கள் என்ற வரியும் அதில் இருக்கிறது. உண்மை என்பதால் அதை நான் எடுக்கவில்லை. அதனால் நீயே ஜெயித்தாலும் ஜெயிக்கலாம்.

இன்னொன்றை மாப்பிள்ளை மேலாளரிடம் கொடுத்தார். அவர் கடைசி வரை படித்தாராம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். வேலைக்கு வா என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாவது உனக்கு. இத்துடன் இருக்கிறது. நான் இப்போது சொல்வதைச் செய்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை எழுதாதே, குழந்தையைப் பற்றியும் விசாரிக்காதே.

இது கைக்கு வந்த மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் ஆட்களோடு எதிர் ஆலைக்காரர்களையும் கூப்பிட்டு உட்காரவை. கப் கவிழ்ந்திருக்கும் அந்த அலமாரிப் பக்கம் நின்றுகொண்டு, என் பிப்ரவரிக் கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, எங்கும் நிறுத்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி வாசி.

அக்கா