கோர்டோபாவிலை நீங்கள் போட்ட கோட்

என்ரை இஞ்சாருங்கோ,

பதினாறு வருஷமா உங்களை இப்பிடித்தான் கூப்பிட்டனான். குசினியிலை நிண்டு ஒருக்காக் கூப்பிட்டா, பல்கனியிலை பேப்பரோடை இருக்கிற நீங்கள் "என்னப்பா?" எண்டு கேப்பியள். இப்பவும் வாய் தவறி வந்திடுது. எங்கடை பிள்ளை துளசி கேட்டும் கேளாத மாதிரி இருந்திடுவாள்.

உங்கடை முதலாம் வருஷத்து ஆட்டைத் திவசம் வருகுது. மச்சாள், அதுதான் உங்கடை அக்கா, நினைவு மலர் அடிக்கப் போறாவாம். "மனசிலை கிடக்கிறதை எழுது பிள்ளை" எண்டு பேப்பரையும் பேனையையும் கொண்டு வந்து மேசையிலை வைச்சிட்டுப் போட்டா. இந்தப் பீலெஃபெல்ட் பட்டினத்திலை இருக்கிற எங்கடை சனம் முழுக்க வாசிக்கப் போகுது. வாசிக்கட்டும். ஒரு வருஷமா வெளியாக்கள் ஒருத்தருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொல்லுறன், பக்கத்திலை நிக்கிறவையும் கேக்கட்டும்.

கோர்டோபா எண்ட பேரை எங்கடை வீட்டுக்குக் கொண்டு வந்தது துளசிதானே. ஒன்பதாம் வகுப்பிலை அதைப் பற்றி ஒரு றெஃபராட், எல்லாருக்கும் முன்னாலை எழும்பி நிண்டு பேசவேணும். ஸ்பெயினை மூர் அரசர்கள் ஆண்ட காலத்துப் பட்டினம், பெரிய பள்ளிவாசல், பிறகு வந்தவை அதுக்கு நடுவிலை கட்டின தேவாலயம் எண்டு எங்களுக்கு முன்னாலை பேசிப் பேசிப் பாடமாக்கினாள். நீங்கள் சோத்துக் கோப்பையைக் கையிலை வைச்சபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தியள். "இதை ஒருக்காப் போய்ப் பாக்கத்தான் வேணும்" எண்டியள். தளபாடத் தொழிற்சாலையும் வீடுமாத் திரிஞ்ச மனிசன் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் இடம் அது.

போன வருஷம், உலகக் கிண்ணம் முடிஞ்ச கையோடை வெளிக்கிட்டம். காருக்குள்ளை புட்டு, கட்டைச் சம்பல், பொரிச்ச மிளகாய். பிரான்சிலை றோட்டு வரி எடுக்கிற பெட்டிக்கடை மாதிரி ஒண்டைக் கண்டவுடனை நீங்கள் கண்ணாடியை இறக்கி, எங்கடை மூண்டு பேற்றை நீல அகதிப் பாஸ்போட்டையும் அந்தப் பெட்டையிட்டை நீட்டினியள். அவள் முழிசினாள். துளசி வெக்கத்திலை சீற்றுக்குக் கீழை போய் ஒளிச்சாள். "எல்லை எண்டு நினைச்சிட்டன் பிள்ளை" எண்டியள். அடுத்த பெட்டியிலையும் கை தானாய்ப் பாஸ்போட்டுக்குத்தான் போச்சு. நான் வயிறு நோகச் சிரிச்சன். அதுக்குப் பிறகு நான் அப்பிடிச் சிரிக்கேல்லை.

இனித்தான் கோட்டுக் கதை. கலியாணத்துக்கு எடுத்த அந்த நேவி புளூ கோட்டை நான்தானே கொண்டு வந்தனான்? மாமி ஒவ்வொரு ரெலிபோனிலையும் கேட்டுக்கொண்டிருந்தா: "என்ரை பிள்ளை கோட்டுச் சூட்டோடை நிக்கிற ஒரு படம் அனுப்பு மோனை." அகதிப் பாஸ்போட்டோடை நீங்கள் ஊருக்குப் போகேலாது. பதினெட்டு வருஷமா அவ பெத்த பிள்ளையைக் காணேல்லை. வெளிநாட்டு மகன் எண்டா கோட்டோடை, பின்னாலை ஒரு பெரிய கட்டடத்தோடை நிக்க வேண்டாமோ? நாங்கள் எல்லாரும் அப்பிடித்தானே ஊருக்குப் படம் அனுப்பினனாங்கள்.

கோட் இறுக்கம். நடுப் பொத்தான், அந்தப் பெரிய தெறி, கழண்டு விழுகிற மாதிரி நிண்டுது. வெளிக்கிடுறதுக்கு முதல் நாள் நான் அந்தத் தெறியை இரட்டை நூல் போட்டுத் தைச்சனான். இனி உலகம் அழிஞ்சாலும் கழராது எண்டு உங்களுக்குப் பெருமை அடிச்சனான், ஞாபகம் இருக்கோ?

கோர்டோபாவிலை அண்டைக்கு என்ன வெய்யில்! கல்லுறோட்டு காலைச் சுட்டுது. சுவரெல்லாம் வெள்ளை அடிச்ச ஒழுங்கையளுக்குள்ளாலை, கோட்டைப் பொலித்தீன் பையிலை போட்டுக் கொழுவியோடை தூக்கிக்கொண்டு நான் முன்னாலை நடந்தன். ஜப்பான்காரர் ரெண்டு பேர் என்னைப் படம் எடுத்தினம்.

பள்ளிவாசல் வாசலிலை நீங்கள் செருப்பைக் கழட்டினியள். காவல்காரன் ஓடி வந்து, வேண்டாம், போடுங்கோ எண்டு கையைக் காட்டினான். நீங்கள் போட மனமில்லாமல் போட்டியள். உள்ளுக்கை என்ன குளிர்ச்சி! தூணுக்கு மேலை தூண், சிவப்பும் வெள்ளையுமா வளைவுக்கு மேலை வளைவு. "எங்கடை கோயில் மதில் மாதிரிக் கிடக்கப்பா" எண்டு கையாலை தொட்டுப் பாத்தியள். நடுவிலை அந்தத் தேவாலயத்தைக் கண்டிட்டு அதைச் சுத்தி ஒருக்கா நடந்தியள். பிறகு மெல்லமாச் சொன்னியள்: "பார், வந்தவை தூணை இடிக்காமல் வைச்சிருக்கினம். ஊரிலை எங்கடை வீட்டைப் பிடிச்சு வைச்சிருக்கிற ஆமி சுவரையாவது வைச்சிருக்கிறானோ?"

வெளியிலை ஒறேஞ்சுத் தோடை மரங்கள் நிக்கிற முற்றம். மரமெல்லாம் பச்சைக் காய். தண்ணித் தொட்டியிலை நீங்கள் முகம் கழுவி, தலையையும் நனைச்சு, சின்னப் பிள்ளை மாதிரிச் சிரிச்சியள். நான் கோட்டை எடுத்தன்.

"ஏலாதப்பா, வேர்க்குது" எண்டியள்.

"ரெண்டே ரெண்டு படம். வயித்தை எக்குங்கோ."

நீங்கள் மர நிழலிலை போய் நிண்டியள். நான் கையைப் பிடிச்சு வெய்யிலுக்கு இழுத்தன். "நிழலுக்கை நிண்டா முகம் கறுத்து விழும், மாமி மெலிஞ்சு கறுத்துப் போனான் எண்டு அழப்போறா" எண்டன். துளசி கமராவைப் பிடிச்சாள். ஒண்டு எடுத்தாச்சு. மணிக்கோபுரம் வரேல்லை எண்டு துளசியைப் பின்னுக்குப் போகச் சொன்னன். ரெண்டாவது எடுக்க முதல் நீங்கள் சொன்னியள்: "நெஞ்சு இறுக்கமாக் கிடக்கு."

நான் என்ன சொன்னன்? "கோட்டுத்தான் இறுக்குது. ரெண்டு நிமிஷம் பொறுங்கோ, கழட்டலாம்."

உங்களுக்கு அதுக்கு மேலை சொல்லத் தெரியாது. பல்லுக் குத்தினாலும், ஏணியாலை விழுந்தாலும் "ஒண்டுமில்லையப்பா" எண்டு சொல்லுற வாய். பொறுத்தியள். நான் பொறுக்கச் சொன்னதுக்காகப் பொறுத்தியள். படம் விழுந்துது. பிறகு போய்த் தொட்டி விளிம்பிலை இருந்தியள், இருந்தபடியே சரிஞ்சியள்.

வாசலுக்கு அங்காலை விசிறி விக்கிற கடைக்காரி ஒருத்தி ஓடி வந்தா. முதல் வேலையா உங்கடை கோட்டை இழுத்துப் பிச்சுத் திறக்கப் பாத்தா. தெறி கழரேல்லை. நான் தைச்ச தெறியெல்லோ! அவ ஏதோ கத்த, கடையிலை இருந்து கத்தரிக்கோல் வந்துது. நான் பூட்டினதை முன்பின் தெரியாத ஒருத்தி வெட்டித் திறந்தா. நான் பாத்துக்கொண்டு நிண்டன். பின்னேரம் ஆஸ்பத்திரியிலை எல்லாம் முடிஞ்சுது.

உங்களை இஞ்சை கொண்டு வர எத்தினை அன்ட்ராக் படிவம், எத்தினை கையெழுத்து. செத்தவீட்டுக்கு மச்சாள் புதுக் கோட் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்தா. நான் அதைப் பறிச்சு எறிஞ்சு கத்தினன். "என்ன பிள்ளை, தம்பியை மரியாதையா அனுப்ப வேண்டாமோ?" எண்டு அவ அழுதா. நான் உங்கடை கோடுபோட்ட அரைக்கைச் சேட்டைத்தான் போட்டு அனுப்பினன். மனிசிக்கு விசராக்கிப் போட்டுது எண்டு சனம் கதைச்சுது. மச்சாள், இப்ப விளங்குதோ? என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

ஆனா பாருங்கோ, முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்குப் படம் தேடினா, நல்லதா ஒண்டுதான் இருந்துது. அந்த ரெண்டாவது படம், துளசி தன்ரை கமராவிலை இருந்து அதை மட்டும்தான் எடுத்துத் தந்தவள். ஊரிலை திரும்பச் சண்டை துடங்கிப் பாதையும் பூட்டி, கல்வெட்டு எங்கையெங்கையோ சுத்தி மாமியிட்டைப் போய்ச் சேர்ந்துது. அவ கேட்ட கோட்டுப் படம் அவவுக்குக் கிடைச்சுது. பிறகு ரெலிபோனிலை கேட்டா: "ஏன் மோனை, இவன்ரை முகம் நோகிற முகமாக் கிடக்கு?" எங்கையோ இருக்கிற மாமிக்கு ஒரு துண்டுக் கடுதாசியிலை தெரிஞ்சது, முன்னாலை நிண்ட எனக்குத் தெரியேல்லையே!

எங்கடை டொக்டர் சொல்லுறார், இரத்தக் குழாய் எப்பவோ அடைச்சுப் போச்சாம், கோட் போட்டாலும் போடாட்டிலும் அது வந்திருக்குமாம். இருக்கலாம். நிழலிலை, கோட்டில்லாமல், நான் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்க வந்திருக்கலாமே?

இந்த வருஷம் லீவு விட்டவுடனை துளசி தான் திரும்பக் கோர்டோபாவுக்குப் போகவேணும் எண்டாள். ஒரு வருஷமா அவள் கதையே குறைவு. சரித்திரப் புத்தகத்தைத் திறக்கிறேல்லை, கமராவை எங்கையோ ஒளிச்சு வைச்சிட்டாள். எனக்குப் போக நெஞ்சில்லை. ஆனாலும் போனம். அதே முற்றம், அதே பச்சைக் காய். விசிறிக் கடை பூட்டிக் கிடந்துது. அந்த மனிசிக்கு ஒரு நன்றி சொல்லவும் குடுத்து வைக்கேல்லை.

தொட்டிக்குப் பக்கத்திலை இருந்து நான் துளசியிட்டைச் சொன்னன். நெஞ்சு இறுக்குது எண்டு நீங்கள் சொன்னது, கோட்டுத்தான் எண்டு நான் சொன்னது, எல்லாம். அவள் கமராவைப் பிடிச்சுக்கொண்டு தள்ளி நிண்டவள், அதெல்லாம் கேட்டிருக்காது எண்டு நினைச்சிருந்தன்.

அவள் என்னைப் பாக்காமல் சொன்னாள்: "அம்மா, அப்பா எனக்குக் காலமையே சொன்னவர். கார் விட்ட இடத்திலை. நெஞ்சு நோகுது, அம்மாவுக்குச் சொல்லாதை, அவ திரும்பிப் போவம் எண்டுவா, நீ ஆசைப்பட்ட இடம் பிள்ளை எண்டு சொன்னவர். நான் சொல்லேல்லை. நான்தான் அப்பாவைச் சாக விட்டனான்."

கேட்டியளே? பதினாறு வயசுப் பிள்ளை ஒரு வருஷமா இதைத் தனியத் தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறாள். அடுத்த அறையிலை நான் என்ரையைத் தூக்கிக்கொண்டு. ஒரே வீட்டிலை, ஒரே சட்டிச் சோத்தைத் திண்டுகொண்டு!

எனக்கு உங்களிலை கோவம். ஓம், செத்த மனிசனிலைதான். ஏன் பிள்ளையிட்டை அதைச் சொன்னியள்? சொன்னதுக்குப் பிறகு ஏன் வாயைப் பூட்டச் சொன்னியள்? என்னட்டைச் சொல்லியிருந்தா நான் கத்தியிருப்பன், பேசியிருப்பன், ஆனா ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பனே. என்ரை ராசா, என்னிலை அவ்வளவு பயமோ? இல்லாட்டி அந்த ஒரு நாளாவது நாங்கள் சந்தோஷமா இருக்கட்டும் எண்டு நினைச்சியளோ?

அந்த முற்றத்திலை ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு, சனம் பாக்கப் பாக்கக் கத்தி அழுதம். பிறகு அவள் பையைத் திறந்து கமராவைத் தந்தாள். கோட் போட முதல், முகம் கழுவிச் சிரிச்சியளே, அதை எனக்குத் தெரியாமல் எடுத்து வைச்சிருக்கிறாள். தலையாலை தண்ணி ஒழுகுது, வாய் நிறையச் சிரிப்பு. இப்ப சுவரிலை அதுதான் தொங்குது. மாமிக்கும் ஒண்டு அனுப்பியிருக்கிறன்.

வெட்டின கோட் அலுமாரியிலை கிடக்கு. அந்தத் தெறியை நான் இனித் தைக்க மாட்டன். உங்களுக்கு நான் தாற வாக்கு வேறை: எங்கடை பிள்ளையை இனி ஒரு நோவையும் தனியத் தூக்க விடமாட்டன், நானும் தூக்க மாட்டன். முந்தநாள் அவள் வெளியிலை போய் வந்து முகத்தைத் தூக்கி வைச்சிருந்தாள். "என்ன பிள்ளை?" எண்டு கேட்டன். "ஒண்டுமில்..." எண்டு துடங்கினாள், உங்களை மாதிரியே. பிறகு பாதியிலை நிப்பாட்டி, கதிரையை இழுத்து எனக்கு முன்னாலை இருந்தாள். "இருக்கு அம்மா" எண்டாள். நான் அடுப்பை அணைச்சிட்டு அவளுக்குப் பக்கத்திலை போய் இருந்தன்.

கூப்பிட்டா இனி "என்னப்பா?" எண்டு கேக்க ஆளில்லாத உங்கடை மனிசி,
துளசியின்ரை அம்மா